காய்ச்சல் 3 நாளில் போகும். நோய் போக 14 நாள் வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமார், மாதர் சங்க உறுப்பினர்களுக்கான சுகாதார வகுப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இந்த வகுப்புகளில் நாம் வழமையாகப் பேசுவது சம்பளம், சேமலாப நிதி, லயத்துக் கூரை, காணி உரிமை பற்றித்தான். இன்று ஒரு காய்ச்சலைப் பற்றிப் பேசப் போகிறோம். இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். பேசி முடிக்கும்போது அந்தச் சம்பந்தம் உங்களுக்கே விளங்கும்.

ஊவாவின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு தோட்டத்தில் நடந்ததிலிருந்து தொடங்குகிறோம். தோட்டத்தின் பெயரோ குடும்பத்தின் பெயரோ இங்கு தேவையில்லை.

அந்தத் தாய் பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். அவருடைய தகப்பன் நம்முடைய மலையைச் சேர்ந்தவர். 1977இலும் 1983இலும் நடந்த கலவரங்களில் நம் ஆட்கள் பலர் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் போனதும், அங்கிருந்தும் யுத்தம் துரத்தியதால் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனதும் உங்களுக்குத் தெரியும். அப்படிப் போன குடும்பங்களில் ஒன்று இது. பல வருடங்கள் கழித்து இந்தத் தாய் 4 வயது மகனைக் கூட்டிக்கொண்டு, பெரியப்பா வீட்டாரை நம்பித் தோட்டத்துக்கு வந்தார். நமக்கு அவர் திரும்பி வந்த சொந்தம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இது புது நாடு. ஊரும் புதிது, குளிரும் புதிது.

வந்து இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. டிஸ்பென்சரியில் பனடோல் பாணி கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றது, மறுபடி வந்தது. திரும்பவும் கொண்டுபோனார்கள். டெங்குவாக இருக்கலாம் என்று ரத்தம் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. சரி, வைரஸ் காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் முறை பிள்ளை வெளிறிப்போய், சாப்பிடாமல் சுருண்டு படுத்துவிட்டான். இதற்குள் அந்தத் தாய்க்கு 6 பேர் போயிருந்தது.

லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். அறுபதுகளின் கடைசியில் நாடெங்கும் மலேரியா வந்தபோது சிறுபெண்ணாக இருந்தவர். அவர்தான் கேட்டார்:

"ஏம்மா, பிள்ளைக்கு முதல்ல குளிரு வருதா, காய்ச்ச வருதா?"

"முதல்ல குளிருதுங்கிறான் பாட்டி. ரெண்டு கம்பளி போத்தினாலும் நடுங்குறான். பொறகு நெருப்பாக் கொதிக்கும். அப்புறம் வேர்த்துக் கொட்டி நின்னுடும்."

"நேத்து எப்படி இருந்தான்?"

"நேத்து ஒண்ணுமில்ல. ஓடி வெளையாண்டான்."

"அப்ப முந்தாநேத்து வந்திருக்கு, இன்னைக்கு வந்திருக்கு. இது பழைய குளிர் காய்ச்சம்மா. ஆஸ்பத்திரிக்குப் போயி, இந்தியாவில இருந்து வந்தோம்னு சொல்லு. ரத்தம் பாக்கச் சொல்லு."

ரத்தத்தில் மலேரியா இருந்தது. விவாக்ஸ் என்ற வகை.

அப்போதுதான் தாய் முழுக் கதையையும் சொன்னார். முகாமில் இருக்கும்போதே பிள்ளைக்கு இந்தக் காய்ச்சல் வந்து, மலேரியா என்று கண்டுபிடித்து மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். முதல் 3 நாளுக்கு ஒரு குளிசை, 14 நாளுக்கு இன்னொரு குளிசை. மூன்றாம் நாளே பிள்ளை எழுந்து விளையாடினான். ஆறாம் நாள் பயணம். சாமான் கட்டும் அவசரத்தில் மிச்சக் குளிசை எங்கேயோ தங்கிவிட்டது. "காய்ச்ச நின்னுடிச்சே, இனி என்னத்துக்குன்னு நெனச்சேன்" என்றார். அவர் நினைத்ததில் அதிசயம் இல்லை. நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

தோழர்களே, இன்றைய பேச்சின் மையமே இதுதான். மருந்து எடுத்த பின்பும் இந்தக் காய்ச்சல் ஏன் திரும்பி வருகிறது?

மலேரியாக் கிருமியை உடம்புக்குள் கொண்டுவருவது அனோபிலிஸ் என்ற நுளம்பு. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். இது அந்தி சாய்ந்த பிறகும் இரவிலும் கடிக்கும். கடித்ததும் கிருமி நேராக ஈரலுக்குப் போகிறது. அங்கே பெருகி, பிறகு ரத்தத்தில் இறங்குகிறது. ரத்தத்தில் சிவப்பு அணுக்களை உடைக்கும்போதுதான் குளிரும் காய்ச்சலும் வருகின்றன. அணுக்கள் உடைவதால்தான் பிள்ளை வெளிறிப்போகிறது.

விவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி ரத்தத்தில் இறங்குவதே இல்லை. ஈரலுக்குள்ளேயே அசையாமல் உறங்கிக் கிடக்கும். சில வாரம் உறங்கும், பல மாதமும் உறங்கும், சிலவேளை ஒரு வருடத்தைத் தாண்டியும் உறங்கும். பிறகு எழும்பி ரத்தத்தில் இறங்கும். அப்போது புதிதாக எந்த நுளம்பும் கடித்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் மலையில் கோரைப் புல் வெட்டியிருக்கிறீர்கள். மேலால் செதுக்கிவிட்டால் மலை சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். ஒரு மழை பெய்தால் மறுபடி முளைக்கும். 3 நாள் கொடுக்கும் குளோரோகுயின் குளிசை மேலால் செதுக்குவது போன்றது. ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும், காய்ச்சலை நிறுத்தும். ஈரலில் உறங்குவதை அது தொடாது. கிழங்கைத் தோண்டி எடுப்பது பிரைமாகுயின் என்ற மற்றக் குளிசை. அதைத்தான் 14 நாள் கொடுக்கிறார்கள். காய்ச்சல் நின்ற பிறகும் கொடுப்பது அதனால்தான்.

இதை விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கவும் நீண்ட காலம் சென்றது. ரத்தத்தில் கிருமி இருப்பதை லவரான் 1880இல் கண்டார். அதைப் பரப்புவது நுளம்பு என்பதை ரொனால்ட் ரோஸ் 1897இல் இந்தியாவில் செகந்திராபாத்தில் கண்டார். ஆனால் மனிதர்களின் ஈரலில் இந்தக் கிருமி வளர்வதை ஷோர்ட், கார்ன்ஹாம் என்ற இருவர் கண்டது 1948இல்தான். அதுவரை திரும்பி வரும் காய்ச்சலுக்குச் சரியான காரணம் தெரியவில்லை.

நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தை யோசித்துப் பாருங்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். பிழைத்து மலை ஏறிய பிள்ளைகளுக்கு, நுளம்பு அதிகம் இல்லாத குளிர் மலையிலும் அந்தக் காய்ச்சல் திரும்பி வந்திருக்கும். கொயினா கொடுத்தாலும் ரத்தத்தில் உள்ளது சாகுமே தவிர, ஈரலில் உள்ளது சாகாது. மலைத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை, காத்துக் கருப்பு என்று எத்தனை தாய்மார் தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள்! குளிர் மலையில் பிள்ளைக்கு மலேரியா திரும்புகிறது என்றால், பெரும்பாலும் அது பிள்ளையின் ஈரலில் வந்தது. தாயின் பராமரிப்பில் வந்த குறையல்ல.

மருந்துக்குப் பின் காய்ச்சல் வருவதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, ரத்தத்தில் உள்ள கிருமியே முழுதாகச் சாகாமல் மிஞ்சுவது. பிள்ளை குளிசையை வாந்தி எடுத்திருக்கலாம், அளவு குறைந்திருக்கலாம், அல்லது அந்த மருந்துக்கு மசியாத வகையாக இருக்கலாம். பல்சிபாரம் என்ற கொடிய வகை பல நாடுகளில் குளோரோகுயினுக்கு மசிவதில்லை. அதற்கு வேறு மருந்து கொடுக்கிறார்கள். மற்றது, புதிதாக ஒரு நுளம்பு கடித்து மறுபடி தொற்றுவது. எது என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. எப்போது வந்தது, எங்கே வந்தது, என்ன குளிசை எத்தனை நாள் கொடுத்தோம் என்று சரியாகச் சொல்வது நம்முடைய வேலை.

இலங்கையில் மலேரியா இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1934, 35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாக நின்றன. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகிச் சுமார் 80,000 பேர் செத்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம் பெரிய அழிவு. பிறகு டி.டி.டி. தெளித்து நோயை அடக்கினார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. முடிந்துவிட்டது என்று கைவிட்டார்கள். 1968, 69இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. அந்தப் பாடத்தைப் படித்து, பல வருடம் உழைத்து, 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டிலேயே தொற்றிய நோயாளி இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது.

ஆனால் நோய்தான் போயிருக்கிறது. நுளம்பு போகவில்லை. 2018 கடைசியில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தொழிலாளிக்கு இருந்த விவாக்ஸ், மொனராகலை மாவட்டத்தில் இங்கேயே ஒருவருக்குத் தொற்றியது. சுகாதாரப் பகுதியினர் உடனே கண்டுபிடித்ததால் அது பரவவில்லை. நுவரெலியா மாதிரி உயரமான இடத்தில் ஆபத்துக் குறைவு. கீழ்ப்பகுதித் தோட்டங்களில், ஆற்றுமணலில் குட்டை நிற்கும் இடங்களில், ஒரு பிள்ளையின் பாதி வைத்தியம் ஒரு லயத்துக்கே வினையாகலாம்.

மலேரியா இல்லாத நாட்டில் இன்னொரு கஷ்டம், அது யாருக்கும் ஞாபகம் வராது. இளம் வைத்தியர்கள் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் என்றால் டெங்குதான் முதலில் நினைவுக்கு வரும். அவர்களைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் நாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்தப் பாட்டி சொல்லச் சொன்ன ஒரு வரி, "இந்தியாவில இருந்து வந்தோம்" என்ற ஒரே வரி, பிள்ளையைக் காப்பாற்றியது.

அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், எங்கிருந்து, எப்போது வந்தோம், முன்பு மலேரியா வந்ததா என்பதை வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். வருடம் தாண்டினாலும் சொல்வதில் நட்டமில்லை. மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு முறை இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால், மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கொடுத்த மருந்துத் துண்டு, வெறும் குளிசை அட்டை இருந்தால்கூட எறியாமல் கொண்டுபோங்கள். மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இரண்டாவது, 14 நாள் என்றால் 14 நாள். குளிசை கசக்கும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு வலிக்கும். சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் வைத்தியருக்கு அறிவியுங்கள், மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். பிள்ளையின் நிறைக்குத்தான் அளவு. அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்குப் பாதியாக உடைத்துக் கொடுக்கக் கூடாது. கலண்டரில் ஒவ்வொரு நாளும் கோடு போடுங்கள்.

மூன்றாவது, இந்தக் குளிசையை யாரும் சொந்தமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. சிலருடைய ரத்தத்தில் ஜீ6பீடி என்ற பொருள் பிறவியிலேயே குறைவு. அப்படிப்பட்டவர்களுக்கு பிரைமாகுயின் கொடுத்தால் சிவப்பு அணுக்கள் உடைந்துபோகும். அதற்கு முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். குறைவு இருந்தால், வைத்தியரின் கண்காணிப்பில் வாரம் ஒரு முறை 8 வாரத்துக்குக் கொடுக்கும் முறை உண்டு. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் கொடுப்பதில்லை. குளிசை எடுக்கும் பிள்ளையின் சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால், உடம்பு மஞ்சளித்தால், நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான்காவது, இது பிள்ளைக் காம்பராச் சகோதரிகளுக்கு. அந்தத் தோட்டத்தில் விஷயம் தெரிந்ததும் சிலர், அந்தப் பிள்ளையைக் காம்பராவில் சேர்க்க வேண்டாம் என்றார்கள். "இந்தியாக்காரப் புள்ள நோயைக் கொண்டுவந்திடிச்சு" என்று பீலிக்கரையில் பேச்சு வந்தது. இதைக் கேட்டு நாங்கள் வெட்கப்பட்டோம். நம்மையே எத்தனை காலம் "இந்தியாக்காரர்" என்று சொல்லித் தள்ளி வைத்தார்கள்? 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்ததும் அந்தச் சொல்லைச் சொல்லித்தானே? அதே சொல்லை ஒரு 4 வயதுப் பிள்ளையின் மேல் நாம் எறியலாமா? மலேரியா தொட்டால் ஒட்டாது. ஒரே கோப்பையில் குடித்தால் ஒட்டாது, ஒரே தொட்டிலில் படுத்தால் ஒட்டாது. பேச்சுக்குப் பயந்து ஒரு தாய் எங்கிருந்து வந்தோம் என்பதை மறைத்தால், அதில்தான் எல்லோருக்கும் ஆபத்து.

ஐந்தாவது, சங்கத்தின் வேலை. அந்தத் தாய் ஏன் மூன்று முறை பனடோலோடு திரும்பினார்? தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். பஸ் காசு வேறு. ரத்தம் பார்க்க ஒரு நாள், பிறகு பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் தங்க 3 நாள், அதன் பின்பும் குறித்த நாட்களில் ரத்தம் காட்டப் போக வேண்டும். நாட்சம்பளத்தில் வாழும் ஒரு பெண்ணிடம், 14 நாள் ஒழுங்காகக் குளிசை கொடு, கிளினிக் தவறாதே என்று சொல்வது லேசு. அந்த நாட்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அந்தத் தோட்டத்தில் நமது தலைவியும் கமிட்டியும் நிர்வாகத்திடம் பேசினார்கள். முதலில் முடியாது என்றார்கள். நாடு மலேரியா இல்லாமல் இருப்பது தோட்டத்துக்கும் நல்லதுதானே என்று ஆஸ்பத்திரித் துண்டை முன்னால் வைத்துப் பேசிய பிறகு, தங்கிய நாட்களுக்குப் பேர் போட ஒத்துக்கொண்டார்கள். முன்பு போன 6 பேர் இன்னும் கிடைக்கவில்லை. அதையும் விடப் போவதில்லை. பிள்ளைக் காம்பராச் சகோதரி ஒருவர் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தாயை வரவழைத்து, தன் கண் முன்னால் குளிசையைக் கொடுக்க வைத்துக் கோடு போட்டார். 14 கோடும் விழுந்தன. அந்தப் பிள்ளைக்கு அதன் பின் காய்ச்சல் திரும்பவில்லை. இப்போது காம்பராவில் அவன் போடும் சத்தம்தான் பெரிய சத்தம் என்கிறார்கள்.

இதை ஒரு தோட்டத்தின் நல்ல மனதில் விட்டுவைக்கக் கூடாது. பிள்ளையின் தொற்றுநோய் வைத்தியத்துக்காகத் தாயோ தகப்பனோ நிற்கும் நாட்களுக்குப் பேர் வெட்டக் கூடாது, வருகைக் கொடுப்பனவும் வெட்டக் கூடாது என்பதை நமது கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும். டிஸ்பென்சரியில் காய்ச்சலோடு வரும் எல்லோரிடமும் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டு எழுதும் வழக்கம் வேண்டும். இந்த இரண்டையும் உங்கள் தோட்டக் கமிட்டியில் பேசி, முடிவை எழுத்தில் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இந்தியாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ உங்கள் லயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பம் எது என்று பாருங்கள். வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்ததா, மருந்தை முடித்தார்களா என்று சொந்தக்காரராகக் கேளுங்கள். விசாரணைக்காரராகக் கேட்க வேண்டாம்.

காய்ச்சல் 3 நாளில் போகும். நோய் போக 14 நாள் வேண்டும். அந்த 14 நாளும் அந்தத் தாய் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது சங்கத்தின் பொறுப்பு.